மைக் சந்தேகம்

குத்தாலத்தில் சாரல் விழுந்தால் எனக்கு வேலை வந்துவிடும். அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நேரே ஐந்தருவிக்குக் கீழே போய் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அந்த உறை பாவம், அதுவும் எத்தனை நேரம்தான் தாங்கும்? செத்த போனை ஊருக்குத் தூக்கிப்போக மனசில்லாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதையெல்லாம் வாங்கி, குத்துக்கல்வலசையில் என் வீட்டு முன்னறையில் வைத்துக் கழற்றி, கழுவி, காயவைத்து, உயிர் கொடுத்து ஆன்லைனில் விற்பேன். மூடியைக் கழற்றினால் எண்ணெய் வாசம் குப்பென்று அடிக்கும்.

விளம்பரத்தில் என்ன போடுவேன்? 'ஒரே ஆள் வைத்திருந்தது. தண்ணீர் படாதது. இதுவரை திறக்காதது.' கூசாமல் போடுவேன். ஊரே அப்படித்தான் போடுகிறது, நான் மட்டும் சத்தியம் பேசிச் சோத்துக்கு என்ன செய்ய?

ஆனால் ஒரு பழக்கம் உண்டு. போனை மூடும் முன்னால், பின்மூடியின் உள்பக்கம் மார்க்கரால் நடந்ததையெல்லாம் எழுதிவிடுவேன். எங்கே விழுந்தது, எதை மாற்றினேன், எது சந்தேகம், எல்லாம். நாளைக்கு வேறொரு மெக்கானிக் கைக்குப் போனால் அவர் குருட்டாம்போக்கில் தேடி அலையக் கூடாதே. வாங்குகிறவரிடம் பொய் சொல்லலாம், ரிப்பேர் பார்க்கிறவரிடம் சொல்லக் கூடாது. இது என் நியாயம். சிரிக்காதீர்கள், இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பல வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

போன சீசன் முடிந்த கையோடு ஒரு அண்ணாச்சி வந்தார். கடையத்தில் லோடு வண்டி ஓட்டுகிறாராம். மேசைமேல் போனை வைத்தார். மூலையில் இருந்த நசுங்கலைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. நான் விற்ற போன்! கடையம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது. பேச்செல்லாம் மெசேஜில்தான், அவர் முகத்தை நானும் பார்த்ததில்லை, என் முகத்தை அவரும் பார்த்ததில்லை.

"ஆன்லைன்ல வாங்குனது தங்கச்சி. நான் பேசுதது அந்தப் பக்கம் கேக்க மாட்டேங்கு."

"அப்படியா அண்ணாச்சி," என்றேன், பச்சப்பிள்ளை மாதிரி.

"மக திருநவேலில ஹாஸ்டல்ல இருக்கா. ஒரு பேப்பர்ல பெயிலாயிட்டேன்ப்பான்னு அழுதுக்கிட்டே போன் பண்ணுனா. 'போகுது விடு மக்ளே, அடுத்த தடவ எழுதிக்கலாம்'னு நானும் தொண்ட கிழியச் சொல்லுதேன். அவளுக்கு ஒண்ணும் கேக்கல. அப்பா கோவத்துல பேசாம இருக்காருன்னு நெனச்சுப் போன வச்சுட்டா. நாலு நாளா போன எடுக்கல. அவ அம்மா முந்தாநாள் பஸ் ஏறிப் போய்ப் பாத்தப்பதான் விசயமே தெரிஞ்சுது. போன் கெட்டுப்போச்சுன்னா நம்ப மாட்டேங்கா. 'திறக்காத போனு, நல்ல போனுன்னு சொல்லித்தான வாங்குனாரு, அதெப்படிக் கெடும்? அப்பாவுக்குக் கோவம்தான்'ங்கா."

மூடியைத் திறந்தால் என் கையெழுத்து இளிக்கும். அவர் அதை ஒரு போட்டோ எடுத்து, நாங்கள் விற்று வாங்குகிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் என் பிழைப்பு அன்றோடு சரி.

"இது சாப்ட்வேராத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா?"

"பண்ணியாச்சு."

"சிக்னல் கோளாறா இருக்கும்."

"கடையத்துல நல்லாக் கிடைக்கு."

"அப்ப வச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வாங்கிக்கிடலாம்."

"இருக்கட்டும் தங்கச்சி, இன்னைக்கு வண்டி ஓடல. இருந்து வாங்கிட்டே போறேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "திறக்காத செட்டு பாத்துக்கோங்க. முதமுதல்ல திறக்கப்போறது நீங்கதான். பதனமாத் திறங்க." முகம் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

வேறு வழியில்லை. திறந்தேன். திறக்காத செட்டின் மூடி சட்டென்று கையோடு வந்தது.

"உள்ள என்னமோ எழுதியிருக்கு போலயே. நான் கண்ணாடி கொண்டாரல. வாசிங்களேன்."

வாசித்தேன். "ஐந்தருவியில் விழுந்தது. போர்டு கழுவியது. டிஸ்பிளே மாற்றியது." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அடியில இன்னொரு வரி கிடக்கே."

கண்ணாடி இல்லாத மனுசருக்கு அடிவரி மட்டும் எப்படித் தெரிந்தது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி மனுசா!

"மைக் சந்தேகம்," என்று வாசித்தேன்.

"நேத்தே தென்காசில ஒரு கடையில திறந்து பாத்தாச்சு தங்கச்சி. 'இது குத்துக்கல்வலசை அக்கா கையெழுத்துல்லா'ன்னு கடைக்காரரு சொன்னாரு." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. "சந்தேகம்னு தெரிஞ்சிருக்கு. முகம் தெரியாத மெக்கானிக்குக்கு எழுதி வச்சிருக்கீக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

வெட்கமாகப் போய்விட்டது. மைக்கை மாற்றிக் கொடுத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார். முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"மக்ளே, கேக்குதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாற்றிய மைக்கும் போச்சா என்று எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்: "கேக்குதுப்பா. ஏன் இந்தக் கத்து கத்துதீக?"

"போகுது விடு மக்ளே, அடுத்த தடவ எழுதிக்கலாம்," என்றார் அவர். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரிப்பேர் கடையில இருக்கேன். நல்ல அக்கா. ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூடும் முன்னால் பழக்கதோஷத்தில் மார்க்கரை எடுத்தேன். 'மைக் மாற்றியது. பொய் சொல்லி விற்றது.' எட்டிப் பார்த்தார்.

"இத உள்ள எழுதி என்ன பிரயோசனம்? திறக்குதவன்தான படிப்பான்," என்று சொல்லிவிட்டுப் போனார். குரூப்பில் ஒன்றும் போடவில்லை.

அதற்கப்புறம் என் விளம்பரத்தில் முதல் படமே பின்மூடியின் உள்பக்கம்தான். கொஞ்ச நாள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் வந்த முதல் மெசேஜ் கடையத்திலிருந்து. 'மகளுக்கு ஒரு போன் வேணும். மூடிக்கு உள்பக்கம் போட்டோ அனுப்பவும்.'

அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'எழுத்து சின்னதா இருக்கு. கண்ணாடி போட்டும் தெரியல.'

தெரியாமலா இருக்கும்? அந்த மனுசருக்கு அடிவரி வரைக்கும் தெரியும். ஆனாலும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து பெரிதாக எழுதி அனுப்பினேன்.