அடியில் படிந்த மெழுகு

அம்பத்தூரில் சின்னதாக ஒரு ஷெட் எடுத்து, ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயை மொத்தமாக வாங்கி விற்கிறேன். மார்கழிக் குளிரில் அந்த எண்ணெயின் அடியில் பழத்தோலின் மெழுகு வெள்ளையாகப் படியும். அது அதன் குணம்.

பூந்தமல்லி அத்தர் கடை பாய் சாம்பிள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னா நைனா, மெழுகுவத்திய கரைச்சு ஊத்திகினு வந்துட்டியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பற்றிக்கொண்டு வந்தது. ஷெட்டுக்குத் திரும்பி, மெழுகு முழுவதையும் வடிகட்டினேன். எண்ணெய் பளிச்சென்று தெளிந்தது. அதையே பட்டாபிராமில் பிஸ்கட் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"இந்தக் குளிர்ல அடியில மெழுகே இல்லியே அண்ணாத்தே, இன்னாத்த கலந்தீங்க?"

"வடிகட்டினேன்யா!"

"எல்லாரும் இதான் சொல்றாங்க."

ஒரே எண்ணெய். மெழுகு இருந்தாலும் கலப்படம், இல்லாவிட்டாலும் கலப்படம். வீடு வருவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு விற்றவன் எதையாவது கலந்திருப்பானோ?

வீட்டில் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோலை வாங்கிக் கசக்கி முகர்ந்தேன். என் எண்ணெயின் வாசனை போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இதை எங்க வாங்கினே? ஏதோ கலந்திருக்கு."

"இது பழம்ங்க," என்றாள். "இதுல யாரு போய் என்னத்த கலப்பாங்க?"

சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். நான் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.