காஜா பெராங்கில் ஓர் இரும்பு மூடிக்காக ஆறு நாள்

மலாக்காவுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலையும் சிவப்புக் கட்டடங்களையும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் ஒரு வாய்க்காலைப் பார்க்கப் போனேன். மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்தபின் வந்த மூன்றாவது ஜூலை மாதம், வியாழன் தொடங்கி செவ்வாய் வரை ஆறு நாள். விடுப்பு எனது, செலவும் எனது. எரிச்சலும் எனதுதான், அது இன்னும் தீரவில்லை.

காரணம் இதுதான். கோலாலம்பூர் வடிகால் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் வரைபடம் போடும் நண்பர் மலாக்காக்காரர். அவருடைய மாமா கிருஷ்ணன் பிள்ளை காஜா பெராங்கிலிருந்து எழுதியிருந்தார்: அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எல்லா மாவட்டமும் பட்டியல் தயாரிக்கிறதாம், தங்கள் கம்போங்கின், அதாவது குடியிருப்பின், தாழ்ந்த முனையில் ஆற்று நீர் வீட்டுக்குள் ஏறுகிறதாம், முறையாக அளந்து படம் போட்டுத் தர ஆள் கிடைக்குமா என்று. நண்பருக்கு விடுப்பு மிச்சமில்லை. எனக்கு இருந்தது. இரண்டு நாள் வேலை என்று நினைத்துக் கிளம்பினேன். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு மனு போடும் எண்ணம் இருந்தால் முழுவதும் படியுங்கள்.

வியாழன் காலை ஆறரைக்கு புடு ரோட்டில் பஸ். சிரம்பானுக்கு 42 மைல், ஒரு வெள்ளி அறுபது காசு. அங்கே இறங்கி, தம்பின் வழியாக மலாக்கா போகும் வாடகைக் கார். நான்கு பேர் சேர்ந்தால்தான் புறப்படும். 52 மைலுக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி. நாலாவது ஆள் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஓட்டுநர் அண்ணன் என் முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி இது, படம் புடிக்கிற பொட்டியா?"

"இல்லண்ணே. தரை மட்டம் பார்க்கிற கருவி."

"தரைய பார்க்க கண்ணு போதாதா? சரி சரி, மூனு காலு இருக்கில்ல, அதுக்கும் ஆள் கணக்குதான் லா."

வாதாடி ஐம்பது காசில் முடித்தேன். கருவி கொண்டுபோகிறவர்கள் காரில் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மலாக்கா சேரும்போது மணி பன்னிரண்டு பத்து. நிறுத்தத்திலிருந்து காஜா பெராங் ஒன்றேகால் மைல். பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் நாற்பது காசு. வண்டி மிதித்தவர் நல்ல மனிதர், முக்காலிக்குத் தனியாகக் கேட்கவில்லை.

கிருஷ்ணன் பிள்ளைக்கு ஐம்பது வயது இருக்கும். துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் கிராணி. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். நான் தமிழில் வணக்கம் சொல்லி மூன்று வாக்கியம் பேசிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "அந்த பாஷை கோயில்ல ஐயர் பேசுறது. சாமிக்குப் புரியும். எங்களுக்கு மெதுவா மலாயில சொல்லு."

இவர்கள் மலாக்காச் செட்டிகள் எனப்படும் சிட்டி மக்கள். தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன்களுக்கு எத்தனையோ தலைமுறை முன்பே வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து நிலைத்தவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது கெபாயா, பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

கம்போங்கின் கடைசி வீடு மங்களம் அக்காவுடையது. வயது முப்பதைத் தாண்டவில்லை. கிடங்கில் மூட்டை சுமந்த கணவர் இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். அக்கா நாலைந்து வீட்டுக்குத் துணி துவைக்கிறார். நான்கு வயதில் ஒரு மகள்; நான் போன அந்த ஒரு வருடத்திலேயே வயிற்றுப்போக்கு என்று இரண்டு முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள். ஆற்று நீர் வாய்க்கால் வழியாக ஏறி, வழியிலுள்ள கழிவையெல்லாம் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தால் வேறென்ன நடக்கும்?

"சிங்கப்பூர்ல எங்க அண்ணன் வந்துடு வந்துடுன்றான்" என்றார் அக்கா. "இது எங்க அவர் கட்டின வீடு. வருசத்துக்கு ரெண்டு தடவ அவருக்கு இலை போடுறது இங்கதான். இந்த திட்டத்துல வாய்க்கால் வந்தா இருப்பேன். வரலன்னா பிள்ளைய தூக்கிட்டு போயிடுவேன். அதனால சும்மா நல்ல வார்த்தை சொல்லாத அடிக். வரும் வராது, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அடிக் என்றால் தம்பி. எனக்கு இந்தப் பேச்சு பிடித்தது. அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அளந்தேன். அளக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு குழாய். அதன் வாயில் மூடி இல்லை. ஓர் இரும்பு மூடியைக் கீல் வைத்துத் தொங்கவிட்டால், கடலேற்றத்தில் ஆறு ஏறும்போது தானே சாத்திக்கொள்ளும், இறங்கும்போது தானே திறக்கும். அதோடு கரை சரிந்த அறுபது கஜத்துக்கு சிமெண்டு. இரண்டு கொத்தனார், மூன்று வாரம். முடிந்தது! இதற்கு ஐந்தாண்டுத் திட்டம் எதற்கு என்று நான் கேட்டேன். கேட்டது வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு, பண்டார் ஹிலிரில் உள்ள மாவட்ட அலுவலகத்தில்.

போகும் வழியில் ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். பக்கத்திலேயே பள்ளிவாசல். பார்க்க வேண்டிய தெருதான். வெள்ளிக்கிழமை மட்டும் மதியத்தில் போகாதீர்கள். தொழுகைக் கூட்டத்தில் முக்காலியோடு நகர முடியாது, அலுவலகமும் இரண்டரைக்குத்தான் திறக்கும்.

முதல் மேசையில், கம்போங்குகளுக்கான மேம்பாட்டுப் பணம் நகர எல்லைக்கு வெளியே மட்டும்தான் என்றார்கள். காஜா பெராங் எல்லைக்கு உள்ளே. இரண்டாவது மேசையில், நகரத்துக்கு வடிகால் பணம் உண்டு, ஆனால் கடைத்தெருவுக்குத்தான் என்றார்கள். மூன்றாவது மேசையில் இருந்தவர் படத்தை விரித்தாவது பார்த்தார். "ஏழைக் குடியிருப்பு என்று எங்கள் ஆள் நேரில் பார்த்து எழுதினால் திட்டப் பட்டியலில் போடலாம். பட்டியல் புதன்கிழமை மதியம் போய்விடும்" என்றார். கோலாலம்பூரில் தலைவர்கள் மேடையேறி வறுமையை ஒழிப்போம் என்கிறார்கள். நல்லது. அந்த வார்த்தை ஒரு குழாய் மூடியாக மாற எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. நான் எண்ணியதில் நான்கு.

நான்காவது மேசைக்காரர் பார்வையிடும் அதிகாரி. அமைதியான மலாய்க்காரர், கையில் குடை. மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறையாக கம்போங்குக்குத் திரும்பிச் சொன்னேன். கிருஷ்ணன் பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"நாளைக்கா? ரொம்ப நல்ல நாள்!"

ஏன் நல்ல நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பழப் பார்ச்சு. பழம் பழுக்கும் பருவத்தில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து, வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கும் நாள். எவ்வளவு இல்லாப்பட்ட வீடானாலும் அன்று இலையில் குறை வைக்க மாட்டார்கள். அதிகாரி பதினொன்று ஐந்துக்கு வந்தார். முதல் வீட்டில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், பலா, பக்கத்தில் கோழிக் குழம்பு. இரண்டாவது வீட்டிலும் அதே. பெண்கள் கல் பதித்த ஊசி குத்திய கெபாயாவில் நின்று வரவேற்றார்கள். முஸ்லிமான அவருக்கென்று, இலையில் படைக்காத பழங்களைத் தனிக்கூடையில் எடுத்து வைத்திருந்தார்கள். அவ்வளவு நாகரிகம். இதில் அதிகாரி ஏழ்மையை எங்கே பார்ப்பார்?

கடைசி வீட்டில் மங்களம் அக்கா கணவருக்கும் அவருடைய முன்னோருக்குமாக ஏழு இலை போட்டிருந்தார். ஒரு வாரமாகக் கூடுதலாக இரண்டு வீட்டுத் துணி துவைத்துச் சேர்த்தது அத்தனையும் அந்த இலைகளில் இருந்தது. சிமெண்டுத் தரை பளபளவென்று மின்னியது. விடியற்காலையில் கணுக்கால் அளவு நீர் ஏறியதாம். படையல் போடும் இடமாயிற்றே என்று சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, விசிறியால் காயவைத்திருக்கிறார். நான் மேட்டிலிருந்த கிருஷ்ணன் பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி சுற்றிப் பார்த்து, தாளில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'வசதியான, சுத்தமான குடியிருப்பு.'

அவர் போனதும் கிருஷ்ணன் பிள்ளையிடம் கத்தினேன். "பார்ச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கட்கிழமைக்கு மாத்தியிருப்பேனே!"

"வீட்டுக்கு வர்றவரு நல்ல நாள்ல வரட்டும்னு நினைச்சேன்."

"அவர் விருந்துக்கு வரல. நீங்க ஏழைங்கன்னு எழுத வந்தார்!"

அவர் குனிந்து வாசலில் கிடந்த பழத்தோலைப் பொறுக்கினார். பிறகு சொன்னார்: "அப்ப என்ன பண்ணணும்? செத்தவங்கள அடுத்த வாரம் வாங்க, இன்னைக்கு கவர்மெண்ட்டு வருதுன்னு சொல்லணுமா?"

எரிச்சலோடு எரிச்சலாக டுரியான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழி கண்டுபிடித்தவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த கடலேற்ற அட்டவணையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த வாரத்திலேயே உயர்ந்த ஏற்றம் செவ்வாய் காலை ஏழு இருபதுக்கு. என் அளவுகளோடு ஒப்பிட்டேன். அக்கா வீட்டு அடுப்படியில் பதினோரு அங்குலம் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். நான் பேசத் தொடங்கியதும் அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"என்சே, ஐயா, அன்னைக்கு என் வீட்டுல பார்த்தது எங்க அவரோட சாப்பாடு. என்னோடத நாளைக்கு வந்து பாருங்க. ஏழு மணிக்கு. கால்சட்டைய மடிச்சுக்கிட்டு வாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். விதிப்படி இரண்டாம் பார்வை கிடையாதாம். வேலை நேரத்துக்கு முன்பு, போகிற வழியில், தற்செயலாக வரலாமாம். விதி அப்படி.

செவ்வாய் ஆறு ஐம்பதுக்குத் தற்செயலாக வந்தார். ஏழு மணிக்கு வாசலில் நீர். ஏழு இருபதுக்கு அடுப்படியில் பத்தரை அங்குலம்; நான் அரை அங்குலம் தவறியிருந்தேன், அட்டவணை தவறவில்லை. மகள் மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா சாரோங்கை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, அந்த நீரில் நின்றபடியே அதிகாரிக்குக் காப்பி கலந்து கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு அதே தாளில் பழைய வரியை அடித்து, புதிதாக ஐந்து வரி எழுதி, அக்காவின் தூணில் நீர் நின்ற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டார். என் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பட்டியலில் சேர்ந்தாயிற்று" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "வருமா?"

"வரும்" என்றேன்.

பத்து மணிக்குக் காரைப் பிடித்து, முக்காலிக்கு ஐம்பது காசை வாதாடாமல் கொடுத்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பட்டியல் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. காஜா பெராங், இரும்பு மூடி, அறுபது கஜம் சிமெண்டு, எல்லாம் இருந்தது, ஓர் எழுத்து மாறவில்லை. நிதி ஒதுக்கீடு திட்டத்தின் நான்காம் ஆண்டு. இரண்டு கொத்தனாரின் மூன்று வார வேலை, நான்காம் ஆண்டு! யார் அந்த எண்ணைப் போட்டது என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். ஆண்டுவாரியாகப் பிரிப்பது நிதித்துறை, அதைப் பட்டியல் போகும் முன்பே மாவட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும், உனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. குழாயின் விட்டம் தெரியும், சரிவு தெரியும்.

கிருஷ்ணன் பிள்ளைக்கு எழுதினேன். அவர் பதில் நான்கு வரி. மங்களம் அக்காவின் மகளுக்கு மூன்றாம் முறையும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது, பிழைத்துக்கொண்டாள். அக்கா வீட்டைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். பார்ச்சுக்கு வந்து இலை போட்டுவிட்டுப் போவாராம்.

போக நினைக்கிறவர்களுக்கு: போய்வரும் செலவு, முக்காலியோடு, சுமார் பதினோரு வெள்ளி. தெரிந்தவர் இல்லையென்றால் பண்டார் ஹிலிரில் மூன்று வெள்ளிக்கு அறை கிடைக்கும், கொசுவலை கேட்டு வாங்குங்கள். அதிகாரியை அழைக்கும் முன் அன்று ஊரில் என்ன விசேஷம் என்று விசாரியுங்கள். கடற்கரை ஊரானால் கடலேற்ற அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். பார்த்ததைத் தூணில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலில் சேர்ந்தாயிற்று என்று யாராவது சொன்னால், கை குலுக்கிவிட்டுக் காரைப் பிடிக்க ஓடாதீர்கள். எந்த ஆண்டு என்று கேளுங்கள். எதிரில் ஒருத்தி வீட்டுக்குள் ஏறிய தண்ணீரில் நின்றுகொண்டு வருமா என்று கேட்கும்போதாவது கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.