நோட்டில் இல்லாத டீ

எங்கள் ஊர் தாஸாவிலிருந்து ஃபெஸ் நகருக்குப் போகும் ஷேர் டாக்சி வரிசையில் புஷ்தாவைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்தாறு வருடமாக ஒரே சாலையில் ஓட்டுகிறார்; வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆறு பேர் சேர்ந்தால்தான் எங்கள் வண்டி கிளம்பும். அவர் வண்டி என்றால் ஆறாவது ஆளுக்காக ஜனங்கள் முணுமுணுக்காமல் காத்திருப்பார்கள். வரிசையில் அவருக்கு அடுத்து என் வண்டியை நிறுத்தும் எனக்கு அதில் எரிச்சல் உண்டு, மறைப்பானேன்!

போன குளிர்காலத்தில் உரிமம் புதுப்பிப்பதற்கு உடம்பைக் காட்டப் போனார். டாக்டர் லம்ரானி அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"மூணு மாசச் சராசரிச் சக்கரை ஒம்பதுக்கு மேல நிக்குது. ஏழுக்குக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன். ஆறு மாசம் டைம். சாப்பிடறதுல மாவுச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவுன்னு எழுதிட்டு வாங்க."

அன்றே ஒரு சமையல் தராசும் ஒரு நோட்டும் வாங்கினார். மதியம் வரிசையில் நின்றபடி கால் ரொட்டியைத் தராசில் வைத்து, எடையைப் பார்த்து எழுதி, நுனியைக் கிள்ளி என்னிடம் நீட்டுவார்.

"யோவ், ரொட்டிய நகைக்கடையிலயா வாங்கின?" என்பேன்.

"சிரி, சிரி. ஏழோட வரும்போது பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை வீட்டில் கோதுமை ரவையும் கறியுமாகச் செய்யும் கூஸ்கூஸ் இன்னும் பெரிய கூத்து. ஒரே தாம்பாளத்தில் வீடு முழுக்கச் சாப்பிடும்போது ஒருவர் பங்கை எப்படி அளப்பது? கரண்டியால் தன் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். அவர் மனைவி ஸொஹோர் எப்போதும்போல நல்ல கறித்துண்டைக் கணவன் பக்கம் தள்ள, இவர் அதை எடை போட எழுந்தார்.

"தாம்பாளத்துல வேலி போடற மனுசன இப்பத்தாங்க பாக்கறேன்!" என்று ஸொஹோர் சொன்னதும், விருந்துக்குப் போயிருந்த எனக்குப் புரை ஏறிவிட்டது.

எனக்கு அதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. நம் அப்பன் பாட்டன் எவன் புரதத்தை எண்ணினான்? பசித்தால் தின்றான், போதும் என்றால் எழுந்தான். இதைத் தினமும் அவரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். எட்டே முக்கால்.

அன்று ஆறு பேர் ஏறி உட்கார்ந்த பிறகும் புஷ்தா வண்டியை எடுக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போ, அல்லால்" என்று என் பேரைச் சொல்லித் தன் முறையை எனக்குக் கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் நடக்காத காரியம். பயணிகளை அடுத்த வண்டிக்கு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் ஒரு வரி பொய் எழுதலப்பா. ஸ்டியரிங் போச்சுன்னா நான் யாரு, சொல்லு?"

நோட்டை வாங்கிப் புரட்டினேன். பருப்பு, முட்டை, மத்தி மீன், ரொட்டி. ஆலிவ் காயைக்கூட எண்ணி எழுதியிருந்தார் மனுஷன். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"டீ எங்கய்யா?"

"டீயா?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாப்பாட்டத்தான எழுதச் சொன்னாங்க."

எங்கள் வரிசைக்கே டீ போடுவது அவர்தான். புதினாவைத் திணித்து, கூம்பு வடிவக் கட்டிச் சர்க்கரையை உடைத்துக் கெட்டிலில் போட்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவார். அவர் ஊற்றினால்தான் நுரை நிற்கும். வழக்கம்போல ஒரு கட்டியை உடைக்கச் சொல்லி, அதே தராசில் வைத்தேன். தொண்ணூறு கிராம். ஆறு கிளாசுக்கு அது. இவர் ஒரு நாளைக்கு ஒன்பது குடிப்பார். குறைத்த ரொட்டி முழுவதையும், அதற்கு மேலும், கிளாசில் குடித்திருக்கிறார்!

சர்க்கரையை விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் டீயில் சர்க்கரை கெட்டிலுக்குள் விழுகிறது, கிளாசில் இல்லை. ஒருவனுக்கு வேண்டாம் என்றால் அத்தனை பேருக்கும் இல்லை.

"சக்கரை இல்லாத டீய என் எதிரிக்குக்கூட ஊத்த மாட்டேன்" என்று கத்தினான் எங்கள் வரிசையின் இன்னொரு டிரைவர் ஜிலாலி. நானும் அவன் பக்கம்தான் நின்றேன்.

மறுநாள் புஷ்தா இரண்டே கிளாஸ் பிடிக்கும் ஒரு குட்டிக் கெட்டிலோடு வந்தார். எங்களுக்குப் பெரிய கெட்டிலிலிருந்து நுரை பொங்க ஊற்றிவிட்டு, தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஊற்றிக்கொண்டார். முதல் வாரம் முகம் கோணியது. போகிற வீடுகளிலெல்லாம் ஸொஹோர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும் என்று புஷ்தா விட்டுவிட்டார். நோட்டில் தினமும் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: டீ, பூஜ்யம்.

கோடை முடிவில் அவருக்குத் துணையாக நானும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் கையை நீட்டினேன். தாள்கள் வந்ததும் டாக்டரிடம் எடுத்துப் போனோம். புஷ்தாவுக்கு ஏழு. டாக்டரம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான் புஷ்தாவைக் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தாளைப் பிரித்தேன்.

ஒன்பதரை.

புஷ்தா எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுநாள் காலை என் இருக்கையில் அந்தத் தராசு இருந்தது.

"எனக்குக் கண்ணளவு வந்துருச்சு" என்றார், குட்டிக் கெட்டிலைத் தூக்கியபடி. "உக்காரு. இதுல ரெண்டு கிளாஸ் பிடிக்கும்."