ஏணி பிடிக்காத வெள்ளிக்கிழமை

என் கணவர் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து நான்கு மணி நேரம் பள்ளத்தில் கிடந்தார். அந்த நான்கு மணி நேரமும் நான் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். என் சாட்சியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜெபத்திலிருந்து தொடங்கினால் நான் என்னமோ பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியத்துக்கு நான்தான் தலைவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது பங்கில் எல்லோருக்கும் தெரியும், பங்குத்தந்தைக்கும் தெரியும். என் கணவர் அந்தோணிராஜ் அதற்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். ஆனால் குடிப்பழக்கம் உண்டு. வருடம் முழுக்கக் குடிப்பவர், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியதும் நிறுத்திவிடுவார். ஈஸ்டர் பாஸ்கா வரை நாற்பது நாளும் தொடமாட்டார்; அதுதான் அவருடைய ஒறுத்தல். இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நின்று ஜெபித்து நடக்கும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பெரிய மரச்சிலுவையைத் தோளில் சுமப்பதும் அவர்தான். அந்த நாற்பது நாளுக்காகத்தான் மீதி வருடத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், கூட வேலை செய்த ஒருவரின் இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்மேல் சாராய வாடை வந்தது. என்ன, ஏது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அன்பியக் கூட்டம். வருகிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை எங்கள் பகுதிக்கு வரும் முறை. யார் யார் சிலுவை தூக்குவது என்று பேச்சு வந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஒறுத்தல முறிச்சவங்க சிலுவையத் தொட வேண்டாங்க. என்ற ஊட்டுக்காரரா இருந்தாலும் அதேதான்."

அப்படி ஒரு சட்டம் எங்கள் பங்கில் கிடையாது. பங்குத்தந்தையும் சொன்னதில்லை. நானே போட்ட சட்டம். என் கணவர் எழுந்து, "செரி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிளகு பறிப்பும் தவக்காலமும் எங்கள் மலையில் ஒன்றாகத்தான் வரும். சில்வர் ஓக் மரம் உயரம். அதில் சுற்றி ஏறியிருக்கும் கொடியில் மிளகு பறிக்க மூங்கில் ஏணி சாத்த வேண்டும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே ஏணியைப் பிடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஏணி பிடிப்பது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை காலையில், இந்த மலையின் பூர்வகுடி மலைக்காரர் ஒருவரின் பக்கத்துத் தோட்டத்தில் பறிப்பு இருந்தது. என் கணவர் வாசலில் ஏணியோடு கொஞ்ச நேரம் நின்றார். நான் வருவேனா என்று பார்க்கிறார் என்பது தெரிந்தது. நான் சிலுவைப்பாதைப் புத்தகங்களை அடுக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

மத்தியானம் பறிப்பு முடிகிற நேரம் தாண்டியும் வீட்டுக்கு வரவில்லை. எங்காவது குடித்துவிட்டுக் கிடப்பார் என்று நினைத்தேன். எனக்கு அன்று ஒருசந்தி நோன்பு. வயிறு காய்ந்தாலும் கோபம் மட்டும் காயவில்லை. "ஆண்டவரே, சனங்களுக்கு முன்னாடி இந்த மனுசன் தள்ளாடிக்கிட்டு வந்து நிக்காமப் பாத்துக்கும்" என்று ஜெபித்தேன். நான் செய்த ஜெபத்தின் லட்சணம் அது.

ஐந்து மணிக்குச் சிலுவைப்பாதை தொடங்க வேண்டும். ஒண்டிக்கடைச் சந்திப்பில் மைக் செட் வாடகைக்கு விடும் பாயிடம் நல்ல செட்டாகச் சொல்லியிருந்தேன். எங்கள் முறை வரும்போது பாட்டு நாகலூர் வரை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜீப் வந்தது, செட்டும் வந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. வயரைப் பிடுங்கினார்கள், மாட்டினார்கள். நானும் ஓரமாக நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே மைக்குக்காக வேண்டினேன். கடைசியில் பங்குத்தந்தை, "வாயாலயே பாடலாம், வாங்க," என்று நடக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவரும் மானத்தை வாங்கினார், மைக்கும் வாங்குகிறது என்று பொருமிக்கொண்டே நடந்தேன்.

ஒன்பதாம் நிலை, இயேசு மூன்றாம் முறை கீழே விழுவது. ரோடு வளைகிற இடத்தில் ஒரு மரத்தில் படத்தை மாட்டியிருந்தோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் தார் ரோட்டில் முழங்காலிட்டோம். அந்த அமைதியில் கீழே எங்கோ டங், டங் என்று ஒரு சத்தம். ஜெப நேரத்தில் யார் இது என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஆருங்க அது, சும்மா இருங்க," என்று அதட்டினேன். சத்தம் நின்றது.

நான் அதட்டியது பள்ளத்தில் கிடந்த அவருக்குக் கேட்டிருக்கிறது. நின்று, பிறகு மறுபடி தட்டியிருக்கிறார். இந்த முறை மெதுவாக.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ராசாத்தியக்கா. என் கணவர் பறிக்கப் போன தோட்டத்துக்காரரின் மனைவி. அவர்தான், "ஏனுங்க, பள்ளத்துல ஆரோ தட்டறாங்க. போசி சத்தமாட்ட இருக்குது," என்றார். போசி என்றதும் நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடினேன்.

சரிவில் இருபது அடி கீழே மல்லாந்து கிடந்தார். ஏணி பக்கத்தில் கிடந்தது. போன் எங்கோ தெறித்துப் போயிருந்தது. விலா எலும்பு முறிந்து கத்த முடியாமல், ஒரு கல்லை எடுத்துத் தூக்குப்போசியைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வாயில் வாடை இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆண்கள் சிலுவையை ரோட்டில் வைத்துவிட்டு இறங்கினார்கள். அதே ஏணியில் அவரைப் படுக்க வைத்து, பெண்களின் சால்வைகளால் அசையாமல் கட்டினார்கள். பங்குத்தந்தை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார். அப்படி அசையாமல் கொண்டு வந்ததுதான் உயிரைக் காத்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போகும் வரை நான் அவர் பாதத்தைப் பிடித்திருந்தேன். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

முதுகுத் தண்டில் அடி. ஆபரேஷன் செய்தார்கள். கால் உணர்ச்சி வருமா என்று சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்கள். நாட்கள் போயின. டாக்டர் தினமும் உள்ளங்காலில் குத்திக் கேட்பார், இவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். எனக்கு ஜெபமாலையைத் தொடவே வெட்கமாக இருந்தது. ஏழாம் நாள், என்மேல் கோபமா என்று கேட்டேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஏணி ஆடுனப்பக் கீழ பாத்தேன் ஸ்டெல்லா. நீ புடிச்சிருக்கறேன்னே நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அன்றுதான் உண்மையாக ஜெபித்தேன். "ஆண்டவரே, உம்முடைய சிலுவைக்கு நான் காவல்காரியாக நின்றேன். யார் கேட்டது? இந்த வாயால் பாவம் செய்தேன், இதே வாயால் கேட்கிறேன். அவர் காலைத் திருப்பிக் கொடும். கொடுக்காவிட்டாலும் நான் பிடித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். வேறு நேர்ச்சை எதுவும் செய்யவில்லை.

மலையிலிருந்து தினம் ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்தது. நான் யார் யாரையெல்லாம் கூட்டத்தில் வாயடைத்திருந்தேனோ அவர்கள் எல்லோரும் கஞ்சியோடு வந்தார்கள். மைக் செட் பாயும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "அன்னிக்குச் செட்டு காலை வாரிருச்சுங்கக்கா, மன்னிச்சுருங்க," என்று தயங்கினார். மைக் பாடியிருந்தால் போசி சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. அதைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் கேட்ட ஜெபத்தைக் கேளாமல் விட்ட கடவுளுக்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.

புனித வாரத்துக்குச் சற்று முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். உணர்ச்சி வரவில்லை. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என் கணவர் பெயரையும் சேர்க்கிறேன் என்று பங்குத்தந்தை சொல்லியனுப்பினார். ஒறுத்தலை முறித்தவன் எப்படி வருவது என்று என் கணவர் கேட்டார். என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "நாந்தாங்க தப்பு. வாங்க போலாம்," என்றேன்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கோவில் நிறைய சனம். பங்குத்தந்தை ஒவ்வொருவராகக் கழுவி, என் கணவர் முன்னால் வந்து மண்டியிட்டு, வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். ஒன்றுமில்லை. இடது பாதத்தில் ஊற்றினார். அவர் முகம் மாறியது.

"சாமி, தண்ணி நொம்பச் சில்லுனு இருக்குதுங்க," என்றார்.

பங்குத்தந்தை செம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வலது கால் இன்னும் இழுக்கிறது. இனி ஏணி ஏற முடியாது. குடியை விட்டாரா என்றால், விட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை தவறினார். இரண்டு முறையும் நான் எதற்கு என்று கேட்டேன், அவர் சொன்னார். இந்தத் தவக்காலத்தில் சிலுவை யார் தூக்குவது என்று பேச்சு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பகுதி முறையன்று அவர் ஒரு கையில் கோலும் மறு கையில் சிலுவையின் வால்முனையுமாகப் பத்தடி நடந்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். மைக் வேண்டாம் என்று பாயிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, நீங்கள் கேட்டது கிடைக்காத நாளிலும் ஆண்டவரை நம்புங்கள். உங்கள் காதுக்கு எது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாரையாவது வராதே என்று சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போய்க் கூப்பிடுங்கள். முழங்காலிட்டிருக்கும்போது எங்கோ யாரோ தட்டுகிற சத்தம் கேட்டால் அதட்டாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.