கவுடர் துப்பாக்கியும் அவரேக்காய் மூட்டையும்

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன், சில பேர்கள் மறந்தும் போய்விட்டன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இந்த வயசிலும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கழி பிறந்தால் தெருவெல்லாம் அவரேக்காய் குவியும். நம் ஊரில் மொச்சை என்கிறோமே, அதுதான். இங்கே யாரும் அதைப் பார்த்து வாங்குவதில்லை, மோந்து வாங்குகிறார்கள். பனியில் நனைந்த காயில் ஒரு எண்ணெய் வாசனை இருக்க வேண்டுமாம், விரலில் பிசுக்காக ஒட்ட வேண்டுமாம். அதற்கு சொகடு என்று பேர். ஆரணியிலிருந்து வந்த புதிதில், கோட்டும் தலைப்பாகையும் போட்ட பெரிய மனிதர் ஒருவர் நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி மொச்சையை மோந்து நின்றதைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். இப்போது நானும் மோந்துதான் வாங்குகிறேன். ஆனால் அந்த வாசனை வந்தால் என் கண் தெருமுனைக்குப் போய்விடும். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் தண்டுப் பக்கம், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதியில், ஒரு துரையின் துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். நீலசந்திராவில் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே பிளேக் வந்துவிட்டது. தெருவில் எலி செத்து விழும், மறுநாள் அந்த வீட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஊருக்குப் போகலாமென்றால் பெங்களூரிலிருந்து வருகிறவர்களை யாரும் ஊருக்குள் சேர்க்க மாட்டார்கள் என்று என் அண்ணனே சொல்லியனுப்பிவிட்டார். அப்போதுதான் கடைக்கு வந்து போகிற ஒரு கவுடர், சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர், தன் வயல் குடிசையில் எங்களை இருக்கச் சொன்னார். ஜாதி கேட்கவில்லை, அக்குளில் கட்டி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அவர் மனைவி கெம்பம்மா தினமும் கேழ்வரகுக் களியை வரப்பில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே ஊட்டா ஆயித்தா என்று கேட்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவேன். பாவம், பட்டினி கிடக்கிறாள் என்று அவள் மறுபடியும் களியோடு வருவாள். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

பிளேக் அடங்கிச் சில வருஷம் கழித்து அதே கவுடர் ஒரு துப்பாக்கியோடு கடைக்கு வந்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கியது, அமெரிக்காவில் செய்தது. விரல் வைக்கிற இடத்துக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக உள்ளே போய் உட்காரும். பார்க்க அழகான சாமான். ஆனால் அதன் தோட்டா சின்னது. முந்தைய அறுவடையில் கேழ்வரகு மேய வந்த காட்டுப் பன்றியைக் கவுடர் சுட்டிருக்கிறார். குண்டு பட்டும் அது விழாமல் ஓடி வந்து, அவருடைய பண்ணையாள் சிக்கண்ணாவின் தொடையைக் கிழித்துவிட்டது. சிக்கண்ணா பிழைத்தார், ஆனால் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார். அதனால் பெரிய தோட்டா போகிற மாதிரி இதை மாற்றித் தர வேண்டும் என்றார். கடைத் துரை கையால் வாங்கிப் பார்த்துவிட்டு, குழாயைக் குடையலாம், ஆனால் பின்னால் அடைக்கிற இரும்பு சின்னத் தோட்டாவுக்காகச் செய்தது, பெரியதின் உதையைத் தாங்காது, முகத்திலேயே வெடிக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கவுடர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுதும் யோசித்தார். முடியாது என்று சொல்ல வாய் வராமல் ஒப்புக்கொண்டார். அந்தக் குடிசை இல்லாவிட்டால் நாங்கள் ஏது?

பிறகு ஒருநாள் வண்டியில் வைக்கோலுக்குள் சுற்றி அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கவுடரிடம் இருந்தது மைசூர் சர்க்கார் லைசென்சு. நாங்கள் இருந்தது வெள்ளைக்காரன் எல்லை. ஒரே ஊர்தான், ஆனால் கடைக்கு ரிப்பேருக்குக் கொண்டு வரலாமே தவிர, அந்தப் பக்கத்துக் காகிதத்தை நம்பி இந்தப் பக்கம் வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். அது வீட்டில் இருந்த நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன். கடை விடுமுறை நாட்களில் அவர் குடைகிற கருவியைப் பிடித்துக்கொள்வார், நான் எதிரே உட்கார்ந்து அதைச் சுழற்றுகிற தோல்வாரை இழுத்து இழுத்து விடுவேன். இரும்பு கிரீச்சிடும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது, பிளேக் திரும்ப வந்துவிடக் கூடாதென்று எலி பார்க்கிற சர்க்கார் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்கள், பாயைப் புரட்டுவார்கள். துப்பாக்கி பாய்ச் சுருளுக்குள் இருந்தது. காய்ச்சல் என்று அதன் மேல் படுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். படுத்தால் கொட்டகைக்கு ஏற்றிவிடுவார்களே. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவர்களோடு வந்த அதிகாரி வழி விட்டார். படுக்கையை வெயிலில் போடச் சொல்லித் தமுக்கடித்திருந்த காலம் அது.

"ஒள்ளே ஹெங்கசு. பிசிலிகெ ஹாக்கம்மா," என்றார். நல்ல பொம்பளை, வெயிலில் போடம்மா என்கிறார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிரித்துக் காட்டு என்கிறார் என்றே நினைத்தேன். பிரிக்காமல் சுருளாகவே சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். அவர் மற்ற பொம்பளைகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம்.

வேலை முடிந்து, சோதிக்க வேண்டிய நாள் வந்தது. வயலுக்கு நானும் போனேன். கடை வழக்கம் என்னவென்றால், துப்பாக்கியை மாட்டு வண்டிச் சக்கரத்தோடு கட்டி, விசையில் கயிறு மாட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இழுத்துச் சுட வேண்டும். என் வீட்டுக்காரர் சக்கரத்தைக் கேட்டதும் கவுடர் முகம் மாறிவிட்டது. துப்பாக்கிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு கூடியிருந்தார்கள்.

"கட்டிப் போட்டுச் சுட அது என்ன கள்ளனா? நீ செஞ்ச வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லவா?" என்றார் கவுடர், அவருக்கு வந்த தமிழில்.

என் வீட்டுக்காரர் மாலையைக் கழற்றினார். துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார். நான் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது, அவருக்கும் வயலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தோள்ல வெக்காதீங்க. கட்டியே சுடுங்க. எனக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்ல."

அத்தனை ஆண்கள் முன்னால் நான் பேசியது அதுதான் முதலும் கடைசியும். கெம்பம்மாதான் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மாட்டுக்கு லாடம் அடிக்கறப்ப கட்டிப் படுக்க வெச்சுத்தானே அடிக்கறீங்க? மாடு கோவிச்சுக்கிட்டா போவுது? உங்க துப்பாக்கிக்கு மட்டும் என்ன அவ்வளவு ரோசம்?"

கூட்டம் சிரித்துவிட்டது. கவுடரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் இழுத்த அதே தோல்வாரால்தான் என் வீட்டுக்காரர் அதைச் சக்கரத்தோடு கட்டினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. மூன்று முறை சுட்டும் துப்பாக்கி அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் தடுப்பதற்குள் கவுடர் அதை அவிழ்த்துத் தன் தோளில் வைத்தும் ஒரு வெடி வெடித்துவிட்டு, உன் பெண்டாட்டி கட்டிப்போட்ட துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்று முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மடியிலிருந்து சுட்டுக் காலியான பித்தளைத் தோட்டா ஒன்றை எடுத்து என் விரலைப் பிடித்து அதன் அடியில் தடவ வைத்தார். மயிரிழை மாதிரி ஒரு வளையம். உள்ளே தோட்டா இழுபடுகிறது, பின்னால் இருக்கிற இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது என்றார். "இன்னிக்குத் தாங்கிச்சி. எத்தன நாளைக்குத் தாங்கும்னு எனக்கே தெரியல."

மறு வாரமே போய், அதைச் சுட வேண்டாம் என்று கெஞ்சினார். பழையபடி மாற்றவும் முடியாது, குடைந்த இரும்பை நிரப்ப முடியுமா? அதற்குள் கவுடர் அதே துப்பாக்கியால் ஒரு பன்றியை ஒரே குண்டில் சாய்த்திருந்தார். காவலுக்குச் சிக்கண்ணாவிடமே கொடுத்துவிட்டேன், பயப்படாதே என்றார். "வருஷா வருஷம் அவரேக்காய் அனுப்பறேன். மூட்டை வந்தா துப்பாக்கியும் சௌக்கியம், நாங்களும் சௌக்கியம்."

சொன்னபடி வந்தது. மார்கழியில் சிக்கண்ணாவே தலையில் சுமந்து வருவார். தெருமுனையில் அந்தச் சாய்ந்த நடை தெரிந்ததும் நான் மூட்டையைப் பார்க்க மாட்டேன். கண் இரண்டும் இருக்கிறதா, கை விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வாங்க அண்ணா என்று வாயில் வரும். அவர் போனதும் அடுத்த வருஷத்துப் பயம் ஆரம்பிக்கும். தீபாவளியில் ஒரு வெடி சத்தமாகக் கேட்டால், நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷமும் மூட்டை வந்தது. நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வருவதற்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டம்மாவிடம், வந்தவர் காலைச் சாய்த்து நடந்தாரா என்று கேட்டேன். கவனிக்கவில்லையே என்றாள். அதற்கப்புறம் மூட்டை வரவில்லை. நானே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் இருந்தவரைக்கும், தனியாக அங்கே என்ன செய்கிறாய், ஆரணிக்கு வந்துவிடு என்று எழுதுவார். ஒரு தடவை பெட்டியைக் கூடக் கட்டினேன். மார்கழி பிறந்துவிட்டது, கழியட்டும் என்று இருந்துவிட்டேன். பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அந்தப் பித்தளைத் தோட்டா என் ஊசிக்கூடு ஆகிவிட்டது. ஊசி எடுக்கும்போதெல்லாம் விரல் தானாக அந்த வளையத்தைத் தேடிப் போகிறது.

துப்பாக்கியைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்துங்கள். சந்தாபுராப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். ஏரிக்கரை தாண்டி ஒரு கவுடர் பண்ணை. சிக்கண்ணா இருந்தால் என்னைப் போலக் கிழமாகியிருப்பார். அவருக்குக் கண் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நல்ல சேதியானால் ஆரணிக்குப் போவேன். இன்றைக்குத் தெருவில் அவரேக்காய் வந்துவிட்டது. வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.