சாவி வழியாகப் போன கறுப்பு ஒயர்

என் வீட்டுக்காரருக்கு ஏலத்தில் எதையாவது எடுத்தால்தான் அன்று தூக்கம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், யாரோ கழித்துக்கட்டிய வெளிநாட்டு ஜெனரேட்டர் ஒன்றை அதன் டிரெய்லரோடு எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் தொழில். ஊரில் கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் லிங்கராஜபுரத்தில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு அது வந்து நின்றபோது நான் ஒருமுறை அதைச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கள் பழைய பெட்ரோல் ஜீப்பைவிட அது பெரியதாக இருந்தது.

"இதை நம்ம ஜீப்பு இழுக்குமா?" என்று கேட்டேன்.

"இழுக்கும். நிறுத்துறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் டிரெய்லர் சக்கரத்துலயே கரண்ட் பிரேக் வெச்சிருக்கான்" என்றார். ஏதோ அவரே செய்து வைத்த மாதிரி ஒரு பெருமை.

அந்த பிரேக்கை இயக்குவதற்கு ஒரு சின்னப் பெட்டியும் கூடவே வந்திருந்தது. அதை ஜீப்பில் பொருத்த என் தம்பியைக் கூப்பிட்டோம். அவன் பிரேசர் டவுனில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்துவந்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டே எனக்கு விளக்கினான்.

"மாமா பெடலை மிதிச்சா இந்தப் பெட்டி பின்னாடி கரண்ட் அனுப்பும் அக்கா. டிரெய்லர் சக்கரமும் சேந்து பிடிக்கும். அனுப்பலைன்னு வெச்சுக்க, இறக்கத்துல ஜெனரேட்டர் ஜீப்பைத் தள்ளிக்கினு போயிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு இருந்தது. அது எரிந்தால் பிரேக் தயாராக இருக்கிறது என்று அர்த்தமாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற கறுப்பு ஒயரில்தான் வம்பு வந்தது. அது நேராக பேட்டரிக்குப் போக வேண்டும், நடுவில் எதுவும் வரக்கூடாது என்றான் தம்பி. இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ராத்திரியெல்லாம் அது கரண்ட்டைக் குடிச்சா காலையில யாரு ஜீப்பைத் தள்றது, நீயா? சாவி வழியா குடு மச்சான். சாவியை அணைச்சா எல்லாமே அணையணும்."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் அக்கா புருஷன் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. மறுத்தால் அந்தக் கோபம் அன்று இரவு அக்கா தலையில்தான் விடியும் என்று அவனுக்குத் தெரியும். "சரி மாமா" என்று ஒயரைச் சாவிக்குத் திருப்பினான்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இறக்கம் கண்டால் எஞ்சினை அணைத்துவிடுவார். சாவியைத் திருப்பிவிட்டு, நியூட்ரலில் சத்தமில்லாமல் உருண்டு போவார். பெட்ரோல் மிச்சமாம். பெங்களூரில் மேடும் இறக்கமும்தானே அதிகம், பாதி ஊரை ஓசியில் சுற்றுகிறேன் என்று பீற்றிக்கொள்வார். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும், அந்த ஒயரையும் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். டிரெய்லர் சக்கரங்கள் ஒழுங்காகப் பிடிக்கின்றனவா என்று பார்க்க, தம்பி பின்கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான். சமதரையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இவர் மிதித்தபோதெல்லாம் வண்டி சொன்ன பேச்சு கேட்டு நின்றது. "சூப்பர் மாமா" என்று பின்னாலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

அப்புறம் இறக்கம் வந்தது. இவர் கை தானாகச் சாவிக்குப் போனது.

எஞ்சின் சத்தம் நின்றது. பச்சை விளக்கும் அணைந்தது.

"லைட்டு அணைஞ்சிருச்சுங்க" என்றேன்.

"இறக்கத்துல எதுக்குடி எஞ்சின்?"

"எஞ்சின் இல்ல. பெட்டி."

அவர் பெட்டியைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெடலை அழுத்தி மிதித்தார். ஜீப் பிடித்தது, பின்னால் வந்தது பிடிக்கவில்லை. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. சாவியைத் தேடிய கை வழுக்கியது. "காலைத் தூக்குடா" என்று நான் கத்தினேன். டிரெய்லர் ஒருபக்கமாகத் திரும்பி வந்து ஜீப்பின் பின்பக்கத்தில் மோதியது. அவன் காலைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். "வயரிங் யாரு மாடித்து?" என்று கன்னடத்தில் கேட்டார், யார் செய்தது என்று. தம்பி கண்ணைத் திறக்காமலே, "நானே சார். தப்பு நந்தே" என்றான். ஒயரைத் தப்பாகக் கொடுத்தது தான்தான், மாமா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சேர்த்துச் சொன்னான்.

என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் குனிந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தார். கால் இல்லாத இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒயரைச் சாவி வழியாகக் கொடுக்கச் சொன்னது யார், சாவியை அணைத்தது யார் என்று எல்லாவற்றையும் கன்னடத்திலேயே போலீஸ்காரரிடம் கொட்டிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

தம்பி அப்போதுதான் கண்ணைத் திறந்தான். "உன் குடும்பம் கெடக் கூடாதுன்னுதானே அக்கா சொன்னேன்" என்றான். அவன் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் கடைசி.

கேஸ் நடந்து முடிந்தது. இவர் என்னை விட்டுப் போகவும் இல்லை, நான் இவரை விடவும் இல்லை. தம்பி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கட்டையை ஊன்றிக்கொண்டு வருகிறான். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறான். நான் அவன் தட்டில் சோறு வைக்கப் போனால், தலையை நிமிர்த்தாமல், "போதும்னு சொல்லுங்க மாமா" என்கிறான்.