பிடுங்கிய நல்ல பல்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை வெட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவன் நான். பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டத்தில் இருந்தபோது கடைவாய்ப் பல் வலித்தது. டவுனில் பல் டாக்டர் ஊசி போட்டுப் பிடுங்கினார். மரமரப்பு போன பிறகுதான் தெரிந்தது, சொத்தைப் பல் அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த நல்ல பல்லைக் காணோம்.

மறுநாள் போய்ச் சொன்னேன்.

“அதுவும் கெட்ட பல்லுதான் லா. பார்த்துதான் எடுத்தேன்” என்றார்.

“முந்தாநாள்கூட அதுலதான் டாக்டர் கறி கடிச்சேன்.”

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

தோட்டத்தில் வெட்டிய குலையின் காம்பில் அவரவர் நம்பரை எழுதிவைப்போம். பழுக்காத குலையை வெட்டிவிட்டால் எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் நம்பரைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார். மறுக்க முடியாது. திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவோம். டாக்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வலி பொறுக்க முடியாமல் அவரிடமே மறுபடி வாயைத் திறந்தேன். ஊசி போடுமுன் பல்லைத் தட்டி, “இதுதானே?” என்றார். தலையாட்டினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து, “நீயே பாரு, இதுதானே?” என்று மறுபடியும் கேட்டார்.

முதல் நாள் அவர் அதைக் கேட்கவில்லை. தப்பை இப்படியும் ஒருவர் ஒப்புக்கொள்வார் என்று அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தில் இன்றுவரை என்னால் மெல்ல முடியவில்லை.